மாவட்ட அணிக்கு ஆறு கிழமை: தேசிய அணிகள் கிண்ணத்துக்குத் தயாராகும் முறையைத் திருகோணமலையில் கைக்கொள்ள ஒரு வழிகாட்டி

மாவட்ட உதைபந்தாட்ட அணியைப் பொறுப்பெடுக்கும் பயிற்றுவிப்பாளருக்குச் சொந்த வீரர் ஒருவரும் இல்லை. கிண்ணியாவில் இருந்து நாலு பேர், மூதூரில் இருந்து மூன்று பேர், பாலையூற்று, உப்புவெளி, நகரக் கழகங்கள் என்று மிச்சப் பேர். எல்லாரும் இரவல். ஒருவர் போன கிழமை முழு மட்ச் ஆடியவர், இன்னொருவர் இரண்டு மாதமாகப் பந்தையே தொடாதவர். கையில் கிடைப்பது ஐந்தாறு கிழமை, அதிலும் பின்னேரங்கள் மட்டும்.

தேசிய அணிப் பயிற்றுவிப்பாளரின் நிலையும் இதுதான். ஆசியக் கிண்ணத்துக்கோ ஆபிரிக்கக் கிண்ணத்துக்கோ போகும் அணி வருடம் முழுக்கச் சேர்ந்திருப்பதில்லை. அதனால் மாவட்ட அணியை நடத்துபவர், பருவகாலம் முழுக்கப் பயிற்சி தரும் பெரிய கழகங்களின் திட்டத்தைப் பார்த்து எழுதுவதைவிட, தேசிய அணிகள் கடைசிக் கிழமைகளில் என்ன செய்கின்றன என்று பார்ப்பது நல்லது. இந்த வழிகாட்டி அந்த நோக்கில் எழுதியது.

முதலில்: நாள் காணாது என்ற கவலையை விடுங்கள்

நீண்ட முகாம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புபவர்களுக்குக் கட்டாரைக் காட்டலாம். 2022 உலகக் கிண்ணத்துக்கு முன் அந்த நாடு தன் வீரர்களைப் பல மாதங்கள் கழகங்களில் இருந்து பிரித்து ஐரோப்பாவில் முகாமிட வைத்தது. சொந்த மண்ணில் மூன்று ஆட்டத்திலும் தோற்றது, அடித்தது ஒரே ஒரு கோல். அதே கட்டார் 2023 டிசம்பரில், ஆசியக் கிண்ணம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது, கார்லோஸ் குவெய்ரோசை அனுப்பிவிட்டு மார்க்கேஸ் லோபெஸை நியமித்தது. 2024 பெப்ரவரியில் ஜோர்தானை 3-1 என வென்று கிண்ணத்தைத் தக்கவைத்தது. ஈராக் 2007இல் ஆசியக் கிண்ணம் வென்றபோது பயிற்றுவிப்பாளர் ஜோர்வான் வியேரா பொறுப்பேற்றுச் சுமார் இரண்டு மாதந்தான்.

1992இல் யூகோஸ்லாவியா விலக்கப்பட்டதால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு ஐரோப்பியக் கிண்ணம் வென்ற டென்மார்க்கின் கதையை எல்லாரும் சொல்வார்கள். "கடற்கரையில் கிடந்தவர்கள் வந்து வென்றார்கள்" என்ற அளவுக்கு அதை ஊதிப் பெருப்பிப்பது சரியல்ல. தகுதிகாண் சுற்றில் யூகோஸ்லாவியாவுக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்ற அணி அது. ஒருவரையொருவர் தெரிந்த, யார் எங்கே நிற்பது என்று முன்பே முடிவான அணி. குறுகிய ஆயத்தம் வெல்வது அப்படியான இடத்தில்தான்.

படி 1: நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

முதல் ஆட்டத்தின் திகதியில் இருந்து பின்னோக்கி ஆறு கிழமையை ஒரு பெரிய தாளில் கீறுங்கள். பயிற்சியை எழுதுவதற்கு முன் பயிற்சி வைக்க முடியாத நாட்களை எழுதுங்கள். க.பொ.த. சாதாரணதர, உயர்தரப் பரீட்சைகள். வெள்ளி ஜும்ஆ நேரம். நோன்பு மாதம். சிவராத்திரியை ஒட்டிய கோணேசர் நகர்வலம். கழகங்களின் சொந்தச் சுற்றுப்போட்டிகள். கடற்றொழில் செய்யும் வீரர் இருந்தால் அவர் எந்த நாட்களில் இரவு கடலுக்குப் போகிறார் என்பதும் இதில் வரவேண்டும். இரவு முழுக்க வலை இழுத்தவரைப் பின்னேரம் ஓடவிட்டால் காயந்தான் மிஞ்சும்.

நோன்பு காலத்தில் தயாராக வேண்டி வந்தால் கடும் பயிற்சியை நோன்பு திறந்து உணவு செமித்த பிறகு இரவுக்கு மாற்றுங்கள். வெளிச்சம் இல்லாத மைதானம் என்றால் நோன்பு திறப்பதற்கு முந்திய 40 நிமிடத்தில் நிலைப்பந்து (கோணர், பிரீ கிக் போல நின்ற பந்தை அடிப்பது) ஒத்திகை, நடை வேகத்தில் இடநிலை விளக்கம் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். நோன்பு பிடிக்காத வீரரும் அதே அட்டவணையில் வரட்டும். அணி இரண்டாகப் பிரியக் கூடாது.

மழையையும் கணக்கெடுங்கள். ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை வாடைக்கால மழையில் மைதானம் குளமாகும் நாட்கள் உண்டு. அந்தப் பருவத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

படி 2: கழகங்களோடு பேசுங்கள், எழுத்தில் வாங்குங்கள்

உலக மட்டத்தில் இதற்குச் சட்டம் இருக்கிறது. கண்டக் கிண்ணங்களுக்கு வீரரை விடுவிப்பது கழகத்தின் கடமை. ஆனாலும் இழுபறி ஓயவில்லை. 2025 டிசம்பர் 21இல் மொரோக்கோவில் தொடங்கிய ஆபிரிக்கக் கிண்ணத்துக்கு, டிசம்பர் 15இல் வீரர்களை விட்டால் போதும் என்று உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா அறிவித்தது. சில பயிற்றுவிப்பாளர்களுக்கு முழு அணியோடு ஒரு கிழமை கூடக் கிடைக்கவில்லை.

நமக்குச் சட்டம் உதவாது, உறவுதான் உதவும். கழகச் செயலாளர்களை அழைத்து மூன்று விடயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: எந்த நாட்கள் உங்களுடையவை, அந்த நாட்களில் கழகப் பயிற்சி இல்லை என்ற உடன்பாடு, காயப்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது. கடைசி விடயத்தைப் பேசாமல் விட்டால் அடுத்த வருடம் அந்தக் கழகம் வீரரைத் தராது.

படி 3: தெரிவு

2024 தொடக்கத்தில் நடந்த 2023 ஆசியக் கிண்ணத்தில் ஒவ்வொரு நாடும் 26 வீரர்களைப் பதியலாம், ஓர் ஆட்டத்துக்கு 23 பேர். மாவட்ட அணிக்கு 20 முதல் 22 பேர் தாராளம். தாளில் ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு பெயர் எழுதுங்கள். கோல் காப்பாளர் மூவர். மூன்றாமவர் ஆடாமலே போகலாம், ஆனால் பயிற்சியில் இரண்டு கோலுக்கும் ஆள் வேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான். ஊரில் ஆகத் திறமான பதினொருவரைச் சேர்த்தால் ஆகத் திறமான அணி வரும் என்ற எண்ணம். திருகோணமலையில் நல்ல பையன்கள் அநேகம் பேர் நடுக்களத்தில் பந்தை வைத்திருந்து ஆட விரும்புபவர்கள். அப்படி ஆறு பேரை எடுத்தால் இடது பின்வரிசைக்கு யார்? தேசிய அணிகள் இரண்டு நிலையில் ஆடக்கூடியவருக்கு முன்னுரிமை கொடுப்பது இதனால்தான். இருபதாவது இடத்துக்கு இருவர் போட்டியிட்டால், வாங்கில் இருந்தாலும் முகம் சுளிக்காதவரை எடுங்கள்.

வெளியில் ஆடுபவர்களையும் மறக்காதீர்கள். இலங்கை தேசிய அணி கடந்த சில வருடங்களில் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்களைச் சேர்த்தது. ஜேர்மனியில் தொழில்முறையாக ஆடிய கிளோடியோ கம்மர்க்னெக்ட் அவர்களில் ஒருவர். 2024இல் கம்போடியாவைப் பெனால்டியில் தாண்டியதும், 2025 ஜூனில் சீன தாய்ப்பேயை 3-1 என வென்றதும் அந்தக் கலவை அணிதான். ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றில் இலங்கை இன்னும் ஆடியதில்லை, ஆனாலும் முந்திய வருடங்களோடு பார்த்தால் இது முன்னேற்றமே. நமக்கு இதன் பொருள்: கொழும்பில் வேலை செய்யும், யாழ்ப்பாணத்தில் படிக்கும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். ஒரு நிபந்தனையோடு: கடைசி இரண்டு கிழமையாவது ஊரில் இருக்க வேண்டும். மட்ச் அன்று காலையில் பஸ்ஸில் வந்து இறங்குபவர் உள்ளே வந்தால், ஆறு கிழமை வியர்த்தவர் மனம் முறியும்.

படி 4: உடலைச் சோதியுங்கள்

பெரிய சுற்றுப்போட்டிகளுக்கு முன் இதய மின்பதிவு உட்பட மருத்துவச் சோதனை நடக்கிறது. 2021 ஜூனில் ஐரோப்பியக் கிண்ண ஆட்டத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்ததை உலகமே பார்த்தது. அத்தனை சோதனைக்குப் பிறகும் அது நடந்தது. அவரைக் காப்பாற்றியது மைதானத்திலேயே உடனே கிடைத்த முதலுதவி.

எனவே முதல் நாள் ஒவ்வொரு வீரரிடமும் தனியாக மூன்று கேள்வி: ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா? நெஞ்சு நோவு, காரணமில்லாத படபடப்பு உண்டா? குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்தார்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் வைத்தியரைக் காணும்வரை பயிற்சி இல்லை. அணிப் பொறுப்பாளர்களில் இரண்டு பேராவது நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முறையை முறையாகப் பழகியிருக்க வேண்டும். தலையில் அடிபட்டுத் தடுமாறுபவரை அன்று திரும்ப உள்ளே விடாதீர்கள், அவர் எவ்வளவு கெஞ்சினாலும்.

ஓட்டத் திறனுக்கு யோ-யோ சோதனை போதும். 20 மீற்றர் தூரம், இரண்டு கூம்பு, தொலைபேசியில் ஒலிப்பதிவு. போய்த் திரும்பியபின் 10 விநாடி ஓய்வு, வேகம் கூடிக்கொண்டே போகும். முதல் கிழமையில் ஒருமுறை, நாலாம் கிழமையில் ஒருமுறை. முதல் சோதனையை வைத்து யாரையும் வெளியேற்றாதீர்கள். அது அவரவருக்கு எவ்வளவு வேலை கொடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான்.

படி 5: பாரம் ஏற்றுதல், இறக்குதல்

முதல் இரண்டு கிழமையில் எல்லாரையும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது, மூன்றாம் நாலாம் கிழமையில் பாரம் கூட்டுவது, ஐந்தாவதில் சிநேகபூர்வ ஆட்டங்கள், ஆறாவதில் இறக்குவது. கழகத்தில் ஏற்கெனவே தொடர்ந்து ஆடிவந்தவருக்கு முதல் கிழமையில் மேலதிக ஓட்டம் தேவையில்லை. அவருக்கு ஓய்வு தாருங்கள், கிடந்தவருக்கு வேலை தாருங்கள். எல்லாருக்கும் ஒரே அளவு என்பது நீதியாகத் தெரியும், ஆனால் பிழை.

தேசிய அணிகளில் வீரர் முதுகில் செய்மதி அளவுகருவி இருக்கும். நமக்கு ஒரு கொப்பி. பயிற்சி முடிந்து அரை மணியில் ஒவ்வொருவரும் அன்றைய கடுமைக்கு 10க்கு ஒரு எண் சொல்ல வேண்டும். அதைப் பயிற்சி நிமிடத்தால் பெருக்குங்கள். 90 நிமிடம், கடுமை 6 என்றால் 540. ஒரு வீரரின் கிழமைக் கூட்டுத்தொகை முந்திய கிழமையைவிடத் திடீரென ஒன்றரை மடங்காகப் பாய்ந்தால் அடுத்த நாள் அவரைக் குறையுங்கள். சக வீரர் காதில் விழாமல் கேளுங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் "நாலு, கோச்" என்பார்கள்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் பீபாவின் "11+" வோம் அப்பைச் செய்யுங்கள். மெதுவோட்டம் 8 நிமிடம், பலமும் சமநிலையும் 10 நிமிடம், வேக ஓட்டம் 2 நிமிடம். நோர்வேயில் பதின்ம வயது வீராங்கனைகளிடம் செய்து 2008இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் ஒட்டுமொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தன. பந்து ஒன்றைத் தவிர உபகரணம் வேண்டாம். மட்ச் நாளில் நடுப்பகுதியை விட்டுவிடலாம்.

இனி வெயில். "எங்கட பிள்ளைகளுக்கு வெயில் பழகினது" என்ற பேச்சு மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும் பின்னேரங்களில் ஆபத்தானது. உடல் சூட்டுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் தேவை. கந்தோரிலும் வகுப்பறையிலும் பகலைக் கழிப்பவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. முதல் கிழமை மாலை 5 மணிக்குப் பிறகு, பின் படிப்படியாக மட்ச் நடக்கும் நேரத்தை நோக்கி நகர்த்துங்கள்.

தராசு ஒன்று வாங்குங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறுங்கள். 60 கிலோ வீரர் 1.2 கிலோ இழந்தால் உடல் எடையில் 2 சதவீதம் போய்விட்டது, அதற்கு மேல் ஆட்டம் தளரும். இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் பானம் அடுத்த சில மணித்தியாலங்களில் உள்ளே போக வேண்டும். இளநீர் நல்லது, ஆனால் அதில் உப்பு குறைவு. உப்புக் கலந்த கஞ்சியோ, ஜீவனி போன்ற கரைசலோ சேரட்டும். ஒருவர் பேச்சுக் குழறி, நிலை தடுமாறி, உடல் கொதித்தால் முதலில் தண்ணீரை ஊற்றி, ஐஸ் வைத்துக் குளிர்த்துங்கள். வைத்தியசாலைக்கு வாகனம் பிடிப்பது குளிர்த்திக்கொண்டே நடக்க வேண்டிய வேலை.

படி 6: கொஞ்சம் கற்பியுங்கள், திரும்பத் திரும்ப

ஆறு கிழமையில் புதுப்பாணி ஆட்டத்தை விதைக்க முடியாது. மூன்று விடயத்தை மட்டும் எடுங்கள்: பந்தை இழந்ததும் முதல் ஐந்து விநாடியில் யார் நெருக்குவது யார் பின்னோடுவது என்பது, பின்வரிசை எந்தக் கோட்டில் நிற்பது, எங்கள் கோல் காப்பாளர் கையில் பந்து இருக்கும்போது ஒவ்வொருவரும் எங்கே.

மிச்ச நேரம் முழுக்க நிலைப்பந்து. இதை நான் வலிந்து சொல்கிறேன், ஏனென்றால் நம்மூர்ப் பயிற்சியில் கோணர் கிக் என்பது கடைசிப் பத்து நிமிடத்தில் இருட்டுக்குள் நடக்கும் விளையாட்டு. 2004இல் கிரேக்கம் ஐரோப்பியக் கிண்ணம் வென்றது. அரையிறுதியில் செக் குடியரசுக்கு எதிரான கோலும், இறுதியில் போர்த்துக்கலுக்கு எதிரான கோலும் கோணரில் இருந்து தலையால் அடித்தவை. 2018 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து அடித்த 12 கோலில் 9 நிலைப்பந்தில் வந்தன. குறைந்த நாளில் கூடிய பலன் தருவது இது ஒன்றுதான், இதற்கு உடலும் களைக்காது.

தாக்கும் கோணருக்கு இரண்டு வடிவம், பக்கவாட்டு பிரீ கிக்குக்கு ஒன்று, நீண்ட எறிதலுக்கு ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். தடுக்கும் கோணருக்கு ஒரே ஒரு முறை, பெயர் குறித்து. மாற்று வீரர் உள்ளே வந்தால் யாருடைய வேலையை அவர் எடுக்கிறார் என்பதையும் எழுதி வையுங்கள். 80ஆம் நிமிடத்தில் ஆள் மாறியபின் அந்த வேலையை யாரும் எடுக்காமல் விட்டு வாங்கும் கோல் எல்லா மட்டத்திலும் உண்டு.

மைதானத்து மொழியையும் இங்கேயே தீருங்கள். திருகோணமலை மாவட்ட அணியில் தமிழும் சிங்களமும் பேசுபவர் சேர்ந்திருப்பர். "ஆள் வருது", "விடு", "ஏறு", "திரும்பு" என்ற நாலைந்து கூப்பாட்டுக்கு எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தட்டும். எந்த மொழி என்பது முக்கியமில்லை.

படி 7: சிநேகபூர்வ ஆட்டங்கள்

மூன்று போதும். முதலாவது இலகுவான எதிரணி, எல்லாருக்கும் 45 நிமிடம். இரண்டாவது உங்களைவிடப் பலமான எதிரணி. வெல்வதற்கு இல்லை, எங்கே உடைகிறோம் என்று காண்பதற்கு. மூன்றாவதைச் சுற்றுப்போட்டிக்கு எட்டுப் பத்து நாள் முன், முதற் பதினொருவரோடு, அதே நேரத்தில், அதே சாப்பாட்டு ஒழுங்கோடு வையுங்கள்.

உயரமான இடத்தில் இருந்து தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். நிலமட்டத்தில் எடுத்த காணொளியில் இடைவெளி தெரியாது. வீரருக்கு ஆறு துண்டுக்கு மேல் காட்டாதீர்கள், அதில் பாதி நன்றாகச் செய்தவை.

சுற்றுப்போட்டி செயற்கைப் புல்லில் என்றால் ஒரு ஆட்டத்தையாவது அப்படியான தரையில் ஆடப் பாருங்கள். நமது மணல் கலந்த மைதானங்களில் பந்து நின்று வரும், அங்கே வழுக்கிப் போகும். சப்பாத்து ஆணியும் மாற வேண்டும்.

படி 8: முகாமின் சாப்பாடும் சச்சரவும்

2024 பெப்ரவரியில் தென்கொரியா ஜோர்தானிடம் ஆசியக் கிண்ண அரையிறுதியில் 0-2 எனத் தோற்றது. அதற்கு முதல்நாள் இரவு உணவு நேரத்தில், இளைய வீரர்கள் மேசைப்பந்து ஆட எழும்பியதில் வாக்குவாதம் வந்து தலைவர் சொன் ஹியுங்-மின்னின் விரல் இடம்பெயர்ந்தது. ஆசியாவின் ஆகப் பெரிய நட்சத்திரங்கள் இருந்த அணி. சாப்பாட்டு மேசை ஒழுங்கை யாரும் தீர்மானிக்கவில்லை என்றால் இப்படித்தான்.

அணி ஒன்றாகத் தங்கும் நாட்கள் வந்தால் முதல் நாளே விதியைச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குச் சாப்பாடு, எல்லாரும் முடிக்கும்வரை இருப்பதா இல்லையா, எத்தனை மணிக்குத் தொலைபேசி அணைப்பது. விதி குறைவாக இருக்கட்டும், தலைவருக்கும் அதே விதி. கழகக் குழுக்களாகப் படுக்கவிடாமல் அறைகளைக் கலந்து கொடுங்கள். இறைச்சி முழு முகாமுக்கும் ஹலால் என்றால் இரண்டு அடுப்பு வேண்டாம். சைவம் சாப்பிடும் பிள்ளைக்குப் பயறு, கடலை, பால் என்று புரதம் போதுமா என்று பாருங்கள்.

மட்ச் உணவு ஆட்டத்துக்கு மூன்று நாலு மணித்தியாலம் முன். இடியப்பம், கொஞ்சம் சொதி, அவித்த முட்டை, கதலிப்பழம். பொரியலும் கட்டித் தேங்காய்ப்பால் கறியும் அன்று வேண்டாம். ஆட்டம் முடிந்து ஒரு மணிக்குள் சோறோ பாணோ, மீனோ முட்டையோ. அடுத்த நாளே ஆட்டம் இருக்கும் நம் நாட்டுச் சுற்றுப்போட்டிகளில் இந்த ஒரு மணி மிகப் பெறுமதியானது.

படி 9: கடைசிக் கிழமை

பயிற்சியின் நீளத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். 90 நிமிடம் 45 ஆகட்டும், ஆனால் அந்த 45இல் ஓடுவது முழு வேகத்தில். கடைசிக் கிழமையில் பயந்து மேலதிக ஓட்டம் கொடுக்கும் பயிற்றுவிப்பாளர் தன் பதற்றத்தைத்தான் தணிக்கிறார்.

பெனால்டி உதைகளை அதிர்ஷ்டம் என்று விடாதீர்கள். 2024இல் கட்டார் ஆசியக் கிண்ணக் காலிறுதியில் உஸ்பெகிஸ்தானைத் தாண்டியது, கோல் காப்பாளர் மெஷால் பர்ஷாம் மூன்று உதையைத் தடுத்ததால். அறிமுக அணியான தஜிகிஸ்தான் காலிறுதிக்கு வந்ததும் ஐக்கிய அரபு அமீரகத்தைப் பெனால்டியில் வென்றுதான். பயிற்சி முடிந்து களைத்த கால்களோடு, நடுக்கோட்டில் இருந்து தனியே நடந்து வந்து அடிக்கச் சொல்லுங்கள். யார் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். ஏழு பேரை ஒழுங்குபடுத்துங்கள், ஐந்தோடு நிறுத்தாதீர்கள்.

கொழும்பில் ஆட்டம் என்றால் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு ரயிலில் போய்க் காலையில் இறங்கிப் பின்னேரம் ஆடுவது காசு மிச்சம், கால் நட்டம். ஒரு நாள் முன் போவதற்கு நன்கொடை தேடுங்கள். புது ஜேர்சிக்குக் காசு தருபவரிடம் அதையே தங்குமிடத்துக்குத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

படி 10: ஆட்டங்களுக்கிடையில், அதன் பின்

முதல் ஆட்டம் தோற்றால் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஐவரி கோஸ்ட் 2024 ஜனவரியில் சொந்த மண்ணில் நடந்த ஆபிரிக்கக் கிண்ணத்தில் எக்குவடோரியல் கினியாவிடம் 0-4 எனத் தோற்று, சுற்றுப்போட்டி நடுவில் பயிற்றுவிப்பாளரையே மாற்றி, எமெர்ஸ் ஃபாயேயின் கீழ் கிண்ணம் வென்றது உண்மைதான். அவர் முந்தியவரின் உதவியாளர், வீரர்களை அறிந்தவர். வெளியில் இருந்து புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை.

ஆட்டத்துக்கு மறுநாள் 60 நிமிடத்துக்கு மேல் ஆடியவர்களுக்கு நடை, நீட்சி, கடல் குளிப்பு. ஆடாதவர்களுக்கு முழுப் பயிற்சி. மஞ்சள் அட்டைக் கணக்கை ஒருவர் பொறுப்பாக வைத்திருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், ஒரு கிழமைக்குள் ஒவ்வொரு கழகச் செயலாளருக்கும் அரைப்பக்கக் கடிதம் கொடுங்கள்: உங்கள் வீரர் எத்தனை நிமிடம் ஆடினார், எங்கே நோவு இருக்கிறது, எத்தனை நாள் ஓய்வு வேண்டும். கொப்பியில் உள்ள எண்களையும் பிரதி எடுத்துச் சேருங்கள். அடுத்த வருடம் வேறொருவர் பொறுப்பெடுத்தால் அந்தக் கொப்பி அவரிடம் போக வேண்டும்.